பொடி இடைவெளியை அடைக்காது

தாம்பரம், குரோம்பேட்டை, பல்லாவரம், சேலையூர், மேடவாக்கம் என்று தென்சென்னைப் புறநகரின் எந்தக் கடைத்தெருவிலும் பெரிய நகைக்கடைகளைத் தாண்டிச் சந்துக்குள் திரும்பினால் ஒரு சின்னப் பட்டறை இருக்கும். தாழ்ந்த மரப்பலகை, கேஸ் டார்ச், நாலைந்து அரம், ஒரு தராசு. மோதிரம் விரலில் இறுகிவிட்டது, தளர்ந்து கழன்று விழுகிறது, கல் ஆடுகிறது என்று ஆசாரியிடம் போகிறோம். சற்று நேரத்தில் சரிசெய்து கையில் கொடுக்கிறார். கூலியைச் சொன்னதும், "இதுக்கா இவ்வளவு?" என்று கேட்கிறோம்.

அந்தச் சற்று நேரத்தில் நடப்பது இரண்டு காரியம். ஒன்று, உலோகத்தின் இரு முனைகளை நெருப்பில் பற்றவைப்பது. மற்றொன்று, கல்லைச் சுற்றி உலோகச் சுவர் எழுப்பி, நெருப்பே இல்லாமல் அதன் விளிம்பை மடித்துக் கல்லைப் பிடிக்க வைப்பது. இரண்டும் வெவ்வேறு வேலைகளாகத் தெரிந்தாலும் விதி ஒன்றுதான். தொடும் பரப்புகள் ஒன்றோடொன்று முழுமையாகப் படிந்திருக்க வேண்டும். படியாத இடத்தை அதிகப் பற்றவைப்புப் பொடியோ, அதிகச் சூடோ, அதிக அழுத்தமோ ஈடுகட்டாது. இந்த விதி வேலையின் ஒவ்வொரு படியிலும் எப்படிச் செயல்படுகிறது என்று தெரிந்துகொண்டால், நல்ல மோதிரம் எது, அதற்கு ஏன் அந்தக் கூலி என்பது விளங்கும்.

அளவு

வெள்ளி மோதிரம் ஒன்றை எடுத்துக்கொள்வோம். தூய வெள்ளி மோதிரத்துக்கு மிக மென்மையானது, அழுத்தினால் வளைந்துவிடும். அதனால் நூற்றுக்கு 92.5 பங்கு வெள்ளி, மீதி செம்பு என்ற கலவையில் செய்கிறார்கள். 22 காரட் தங்கத்தின் கணக்கும் இத்தகையதே. 24 பங்கில் 22 பங்கு தங்கம். ஆயிரத்துக்கு 916 என்று முத்திரையில் நாம் காண்பது அதுதான்.

மோதிரத்தின் உள்விட்டம் 17 மி.மீ., தகட்டின் கனம் 1.5 மி.மீ. என்றால் எவ்வளவு நீளம் வெட்ட வேண்டும்? 17-ஐ 3.14-ஆல் பெருக்கினால் 53 மி.மீ. சொச்சம் வரும். அந்த நீளத்துக்கு வெட்டினால் மோதிரம் விரலில் ஏறாது. உலோகம் வளையும்போது உள்பக்கம் சுருங்குகிறது, வெளிப்பக்கம் நீள்கிறது. நடுக்கோடு மட்டுமே அதே நீளத்தில் நிற்கிறது. ஆகவே நடுக்கோட்டைத்தான் அளக்க வேண்டும். உள்விட்டத்தோடு கனத்தையும் கூட்டி, 18.5-ஐ 3.14-ஆல் பெருக்கினால் 58 மி.மீ. வித்தியாசம் ஐந்து மி.மீ.க்குச் சற்றுக் குறைவு. மோதிரத்தில் அது பெரிய வித்தியாசம்.

கம்பி அச்சின் துளை வழியே இழுத்த கம்பியும், சுத்தியால் அடித்த தகடும் இறுகிப் போயிருக்கும். அப்படியே வளைத்தால் முனைகள் விறைத்துக்கொண்டு பிரிந்து நிற்கும். மங்கிய சிவப்பு நிறம் வரும்வரை சுட்டு, தண்ணீரில் நனைத்தால் உலோகம் மறுபடி இளகும். அந்த மங்கிய சிவப்பு வெயிலில் கண்ணுக்குத் தெரியாது. பட்டறையை வெளிச்சம் குறைந்த மூலையில் அமைப்பதற்கு இது முக்கியமான காரணம். சுடரைக் காற்று கலைக்கக் கூடாது என்பதால் சித்திரை வெயிலிலும் மின்விசிறி ஓடாது.

முனைகள்

வளைத்த மோதிரத்தின் இரு முனைகளும் சந்திக்கும் இடமே மோதிரத்தின் உயிர்நிலை. அப்போது மோதிரம் வட்டமாக இருக்க வேண்டிய அவசியமில்லை. முட்டை வடிவமாகவோ ஒரு பக்கம் தட்டையாகவோ இருக்கலாம். வட்டத்தைப் பிறகு கூம்பான இரும்புக் கோலில் மாட்டி, கொட்டாப்புளியால் தட்டிக் கொண்டுவந்துவிடலாம். முனைகள் இணையாக, ஒளி புகாதபடி முட்டி நிற்பதுதான் முக்கியம். அதற்கு ஒரு நல்ல வழி உண்டு. முனைகளை நெருக்கி வைத்து, அந்தப் பொருத்தின் ஊடாகவே மெல்லிய ரம்பத்தை ஒருமுறை ஓட்டினால் இரு பக்கமும் ஒரே கோணத்தில் அறுபடும். மறுபடி நெருக்கினால் ஒன்றன் மேல் ஒன்று அப்படியே படியும். பிறகு விளக்குக்கு எதிரே பிடித்துப் பார்க்க வேண்டும். ஒரு கீற்று வெளிச்சம் தெரிந்தாலும் நெருப்புக்குப் போகக் கூடாது.

பொற்கொல்லர் பொடி என்று சொல்வது, மோதிர உலோகத்தைவிடக் குறைந்த வெப்பத்தில் உருகும் இணைப்பு உலோகம். உருகிய பொடி விளக்குத் திரியில் எண்ணெய் ஏறுவதுபோல நெருக்கமான சந்துக்குள் தானாகவே இழுபடும். சந்து அகன்றிருந்தால் இழுவிசை இல்லை. பொடி ஒரு பக்கம் திரண்டு நின்றுவிடும். வலிந்து நிரப்பினாலும், குளிரும்போது சுருங்கி நடுவில் குழி விழும். முனைகள் படிந்திருந்தால் பொடி ஒரு படலமாக மட்டும் நின்று, இரு பக்கத்து உலோகத்தோடும் ஒன்றிவிடும். அகன்ற சந்தில் சுமை முழுவதையும் பொடியே தாங்க வேண்டியிருக்கும். அந்த மோதிரம் ஒருநாள் அதே இடத்தில் விரியும்.

நெருப்பும் வெங்காரமும்

வெள்ளிக் கலவையைச் சுட்டால் அதிலுள்ள செம்பு காற்றோடு சேர்ந்து கறுக்கும். கறுத்த பரப்பில் பொடி ஒட்டாது. முத்தாக உருண்டு ஓடிவிடும். இதைத் தடுப்பது வெங்காரம். தண்ணீரில் குழைத்துப் பூசிய வெங்காரம் சூட்டில் முதலில் பொங்கும். அதற்குள் இருக்கும் நீர் வெளியேறும் பொங்கல் அது. அந்த நேரத்தில் அவசரப்பட்டு டார்ச்சை நெருக்கினால் மேலே வைத்த பொடித் துண்டு தூக்கி எறியப்படும். மெல்லச் சூடேற்றினால் பொங்கல் அடங்கி, பிறகு கண்ணாடிபோல உருகிப் பரப்பை மூடும். அந்தப் படலம் காற்றை உள்ளே விடாது. ஏற்கெனவே உண்டான கறுப்பையும் கரைத்துக்கொள்ளும்.

தூய வெள்ளி ஏறத்தாழ 962 டிகிரி செல்சியஸில் உருகும். 92.5 வெள்ளியோ 800 டிகிரியை ஒட்டியே இளகத் தொடங்கிவிடும். வெள்ளி, செம்பு, துத்தநாகம் சேர்த்த பொடி, கலவையைப் பொறுத்து 700 டிகிரிக்குச் சற்று மேலே ஓடும். நல்ல இணைப்புக்கும் மோதிரமே சரிந்து உருகுவதற்கும் நடுவே இருக்கும் இடம் மிகக் குறுகியது. வெப்பமானி இல்லாமல் நிறத்தைப் பார்த்தே அந்த இடத்தில் நிறுத்துவதுதான் ஆசாரியின் கண்.

பழகாதவர்கள் பொடியின் மேல் சுடரைக் காட்டுவார்கள். அது தவறு. உருகிய பொடி எங்கே சூடு அதிகமோ அங்கேதான் ஓடும். மோதிரத்தைச் சுற்றிலும் சுட்டுவிட்டு, கடைசியில் பொருத்துக்கு வர வேண்டும். இரு முனைகளும் ஒரே வெப்பத்தை அடைந்தால், பொடி பளிச்சென்று ஒரு வெள்ளிக் கோடாகப் பொருத்தின் ஊடே ஓடும். அதைப் பார்த்த கணமே சுடரை விலக்கிவிட வேண்டும். ஒரு முனை மட்டும் சூடேறினால் பொடி அந்தப் பக்கமே ஏறிவிடும். மறுமுனை ஒட்டியதுபோலத் தோற்றம் காட்டும்.

வெங்காரக் கண்ணாடியும் கறுப்பும் போக மோதிரத்தை நீர்த்த கந்தக அமிலத்தில் போடுகிறார்கள். புளிக்கரைசலும் படிகாரமும் இதற்கான பழைய வழிகள். அமிலத்துக்குள் இரும்புச் சாமணத்தை விடக் கூடாது. கரைசலில் கலந்திருக்கும் செம்பு இரும்பின் தூண்டுதலால் வெள்ளியின் மேல் படிந்து, மோதிரம் இளஞ்சிவப்பாகிவிடும். செம்பிலோ மூங்கிலிலோ செய்த இடுக்கி போதும்.

எது முதலில், எது பிறகு

கல் வைத்த மோதிரத்தில் மூன்று பொருத்துகளாவது இருக்கும்: கல்லின் கூட்டுச் சுவர், அந்தச் சுவர் அமரும் அடித்தகடு, அடித்தகட்டைத் தாங்கும் வளையம். ஒன்றைப் பற்றவைக்கும்போது முன்பு பற்றவைத்தது விட்டுப்போகாமல் இருக்க, பொடியில் தரம் பிரிக்கிறார்கள். முதல் பொருத்துக்கு அதிகச் சூட்டில் ஓடும் பொடி, அடுத்ததற்கு அதைவிடக் குறைவானது, கடைசிக்கு மிகவும் இளகியது. பழைய பொருத்தின் மேல் காவி மண்ணைக் குழைத்துப் பூசினால் பொடி அங்கே ஓடாது.

கனமும் கவனிக்க வேண்டியது. வளையம் தடிப்பு, கூட்டுச் சுவர் காகிதம் போன்றது. இரண்டுக்கும் ஒரே அளவு சுடர் காட்டினால் வளையம் சிவக்கும் முன்பே சுவர் உருகிவிடும். அதனால் அடியிலிருந்து, தடிப்பான பக்கத்திலிருந்து சூடேற்றி, சுவருக்கு அந்தச் சூடு தானாக ஏறிவர விடுகிறார்கள்.

தாம்பரம் சானடோரியத்தில் 1984-இல் தொடங்கிய ஏற்றுமதி மண்டலமான மெப்ஸில் நகைத் தொழிற்கூடங்களும் உண்டு. ஆலை முறையில் வார்ப்பு, பற்றவைப்பு, கல் பதிப்பு, மெருகு என ஒவ்வொன்றுக்கும் தனி ஆள், தனி இயந்திரம். சந்துப் பட்டறையில் இந்த வரிசை முழுவதும் ஒரே மனிதரின் தலைக்குள் இருக்கிறது.

புகை

தங்கத்தைப் பற்றவைக்க முன்பு தங்கத்தோடு வெள்ளியும் செம்பும் சேர்த்த பொடியைப் பயன்படுத்தினார்கள். அந்தப் பொடியில் தங்கம் குறைவு. பல பொருத்துகள் உள்ள நகையை உருக்கினால் மொத்த மாற்றும் குறைந்து வந்தது. இதற்குத் தீர்வாக வந்தது காட்மியம். 92 பங்கு தங்கத்தோடு 8 பங்கு காட்மியம் சேர்த்தால், தங்கத்தின் தரம் குறையாமலே குறைந்த சூட்டில் ஓடும் பொடி கிடைத்தது. கேடிஎம் நகை என்று கடைகள் விளம்பரம் செய்ததும், நாம் அதை உயர்ந்த தரத்தின் பெயராக நம்பியதும் இதனால்தான்.

காட்மியம் 321 டிகிரியில் உருகி, 767 டிகிரியில் கொதித்து ஆவியாகும். பற்றவைக்கும் சூட்டில் அது புகையாக எழுந்து பற்றவைப்பவரின் மூக்குக்கே போகிறது. ஒரே நாளில் அதிகம் சுவாசித்தால் நுரையீரல் வீங்கும். முதல் சில மணி நேரம் சாதாரணக் காய்ச்சல்போலத் தோன்றும். அதுவே அதன் ஆபத்து. ஆண்டுக்கணக்கில் சிறிது சிறிதாகச் சுவாசித்தால் சிறுநீரகம் பழுதடையும். அணிபவருக்குக் கிடைத்த தரத்துக்கு விலையாகப் போனது செய்பவரின் உடல். துத்தநாகம், இண்டியம் முதலியவை சேர்ந்த காட்மியமற்ற பொடிகள் இப்போது தாராளமாகக் கிடைக்கின்றன. 1928-இல் டாக்டர் சௌரி முத்து காசநோய்க்கென்று நிறுவிய மருத்துவமனையால் பெயர் பெற்ற சானடோரியம் இருக்கும் பகுதி இது. நுரையீரலின் அருமை நமக்கு யாரும் சொல்லித்தர வேண்டியதில்லை. இங்கே எந்தப் பட்டறையிலும் அந்தப் பழைய பொடி எரியக் கூடாது.

கூடு

இனி கல். வட்டமான, மேல்பக்கம் குவிந்த, 8 மி.மீ. விட்டமுள்ள கல் என்று வைத்துக்கொள்வோம். அதைச் சுற்றி நிற்கும் சுவருக்கு 0.3 மி.மீ. கனமுள்ள பட்டை வேண்டும். நீளத்துக்கு அதே நடுக்கோட்டுக் கணக்கு: 8.3-ஐ 3.14-ஆல் பெருக்கினால் 26 மி.மீ. வளையத்துக்கு 92.5 வெள்ளி என்றாலும், கூட்டுக்குத் தூய வெள்ளியே சிறந்தது. மென்மையாக மடியும், சூட்டில் கறுக்காது, உருகுநிலையும் அதிகம். தங்கத்திலும் மாற்று உயர்ந்த பட்டையே கூட்டுக்கு ஏற்றது.

கல் கூட்டுக்குள் தன் எடையால் தானே இறங்கி அமர வேண்டும். தள்ளி உள்ளே நுழைக்க வேண்டியிருந்தால் கூடு சிறியது. உள்ளே அசைந்தாடினால் பெரியது. பெரிய கூட்டை மடித்துச் சரிக்கட்டப் பார்த்தால் உபரி உலோகம் எங்கேயும் போக முடியாமல் சுருக்கம் விழும். பொடிக்குச் சொன்னதுதான் இங்கும். பரிசோதிக்கக் கல்லை உள்ளே வைக்கும் முன் அடியில் ஒரு நூலைக் குறுக்கே போட்டுவிட்டால் இழுத்து எடுத்துவிடலாம்; இல்லையென்றால் கல் சிக்கிக்கொண்டு வராது.

சுவரின் உயரத்தைக் கல்லின் சரிவு முடிவு செய்கிறது. பக்கவாட்டில் நேராக ஏறும் கல் எந்த இடத்தில் உள்நோக்கிச் சரியத் தொடங்குகிறதோ, அதற்குச் சற்று மேலே சுவர் முடிய வேண்டும். தாழ்ந்தால் பிடி கிடைக்காது. உயர்ந்தால் கல்லை மறைத்துவிடும், மடிப்பும் சுருங்கும்.

ராசிக்கல் மோதிரம் கேட்பவர்கள், கல் விரலைத் தொட வேண்டும் என்பார்கள். அதற்கு அடித்தகட்டில் துளை விடுகிறார்கள். கல் அமர உள்ளே ஒரு விளிம்பு மட்டும் நிற்கும். நம்பிக்கை ஒருபுறம் இருக்க, ஒளி ஊடுருவும் கல்லுக்கு அடியில் திறப்பு இருப்பது அழகுக்கும் நல்லது. சோப்பும் அழுக்கும் தங்காமல் கழுவவும் வசதி.

கல்லின் குணம்

கல்லை நாம் பகட்டுப் பொருளாக மட்டும் பார்த்துப் பழகிவிட்டோம். பல்லாவரம் கல்லால் உலகறிந்த ஊர். 1863 மே 30 அன்று புவியியலாளர் ராபர்ட் புரூஸ் ஃபுட் பழைய கற்காலக் கருவியைக் கண்டெடுத்தது இங்கேதான். பல்லாவரம், பரங்கிமலைப் பகுதியின் கருமையான பாறைக்குச் சார்னகைட் என்று பெயரிட்டவர் புவியியலாளர் தாமஸ் ஹாலண்ட். அந்தப் பெயருக்குக் காரணமான ஜாப் சார்னக்கின் கொல்கத்தாக் கல்லறை மேல் கிடக்கும் பலகை இந்த வகைப் பாறைதான். அதில் ஒரு துண்டை இழைத்து மெருகேற்றி வெள்ளிக் கூட்டில் வைத்தால் அதுவும் மோதிரமே. கல்லையும் உலோகத்தையும் இணைக்கும் வேலையும் நமக்குப் புதிதல்ல. நொய்யல் கரைக் கொடுமணலில் குவார்ட்ஸ், பெரில், கார்னீலியன் கற்களை அறுத்து மணியாக்கிய தடயங்களோடு, கல் பதித்த வெண்கலப் புலி உருவமும் கிடைத்தது.

பதிப்பவருக்கு முக்கியம் கல்லின் விலையல்ல, அதன் தாங்கு திறன். மோஸ் அளவுகோலில் வைரம் 10, மாணிக்கமும் நீலமும் 9, குவார்ட்ஸ் 7. எஃகு அரம் 6.5 என்ற அளவில் இருப்பதால் இவற்றில் கீறல் போடாது. பவளமும் முத்தும் 4-ஐ ஒட்டியவை. அரம் ஒருமுறை வழுக்கினால் போதும். இவை இரண்டும் சுண்ணாம்புச் சத்து என்பதால் அமிலத்தில் கரையும், சூட்டில் நிறம் மாறும். மரகதம் கடினமானதுதான், ஆனால் உள்ளே இயல்பாகவே வெடிப்புகள் உண்டு. அவற்றை மறைக்க எண்ணெய் ஊட்டுவது வழக்கம். நெருப்பு அந்த எண்ணெயை வெளியேற்றிவிடும். மாணிக்கம் சூட்டைத் தாங்கும், ஆனால் உருகிய வெங்காரம் அதன் மெருகை அரிக்கும். விரிசலில் கண்ணாடி நிரப்பி விற்கும் மாணிக்கம் சூட்டையும் தாங்காது. இதனால்தான் நெருப்பு வேலையும் அமில வேலையும் முற்றிலும் முடிந்த பிறகே கல் கூட்டுக்குள் போகிறது.

மடித்தல்

மோதிரம் அசையாதபடி அரக்குக் கட்டையில் பொருத்திக்கொண்டு, தட்டையான எஃகு முனையால் சுவரைக் கல்லின் மேல் சாய்க்கிறார்கள். ஒரு பக்கத்தில் தொடங்கிச் சுற்றிக்கொண்டே வந்தால் உபரி உலோகம் முன்னால் தள்ளப்பட்டு, முடியும் இடத்தில் மடிப்பாகக் குவியும். கல்லும் ஒரு பக்கம் சரியும். எனவே வடக்கில் ஒரு அழுத்தம், உடனே தெற்கில் ஒன்று, பிறகு கிழக்கு, மேற்கு, பிறகு மூலைகள். ஒவ்வொரு முறையும் சிறிதளவே. கல்லுக்கும் சுவருக்கும் இடையே நகம் நுழையாத நிலை வந்ததும், வழவழப்பான எஃகு முனையால் விளிம்பைத் தேய்த்து இறுக்கி மெருகேற்றுகிறார்கள்.

பிடிப்பு முழுச் சுற்றளவிலும் சமமாகப் பரவியிருப்பதே இந்த முறையின் பலம். நான்கு நகங்களால் பிடித்த கல்லில் ஒரு நகம் துணியில் சிக்கி நிமிர்ந்தாலும் கல் போய்விடலாம். பாத்திரம் துலக்குபவர், இயந்திரத்தில் வேலை செய்பவர், குழந்தையைக் குளிப்பாட்டுபவர் ஆகியோருக்குக் கூடு கட்டிய மோதிரமே ஏற்றது.

இதே கலையின் இன்னொரு கிளை நாகர்கோவில் வடசேரியில் இருக்கிறது. புவிசார் குறியீடு பெற்ற அந்தக் கோயில் நகைகளில் வெள்ளிக் கூட்டுக்குள் அரக்கு நிரப்பிக் கெம்புக் கற்களை அமர்த்தி, சுற்றிலும் தூய தங்கத் தகட்டை அழுத்திப் பதிக்கிறார்கள். தூய தங்கம் மிக மென்மையானது என்பதால் நெருப்பில்லாமலே அழுத்தத்தில் படிந்து நிற்கும். அரக்கு 75 டிகிரியை ஒட்டியே இளகிவிடும். அடி மூடிய இத்தகைய நகை கையிலிருந்தால் அதை டார்ச்சுக்குக் கொடுக்கவே கூடாது.

பட்டறைக்குப் போகும்போது

மோதிரத்தை அளவு மாற்றக் கொடுக்கும்போது சிலவற்றைக் கேளுங்கள். கல்லை எடுத்துவிட்டுச் சுடுவீர்களா? லேசரில் பற்றவைக்க வசதி உண்டா? லேசரின் சூடு ஒரு புள்ளியோடு நின்றுவிடுவதால் கல்லுக்கு அருகிலும் வேலை செய்யலாம். பொடியில் காட்மியம் இருக்கிறதா? திரும்ப வாங்கும்போது பொருத்தை வெளிச்சத்துக்கு எதிரே பிடித்துப் பாருங்கள். கோடோ குழியோ தெரியக் கூடாது. மோதிரத்தைக் காதருகே வைத்து மெல்லத் தட்டுங்கள். கல் ஆடினால் ஒலி கேட்கும்.

புதுத் தங்க மோதிரமென்றால் ஹால்மார்க்கில் இந்தியத் தர நிர்ணய அமைவனத்தின் சின்னம், 22கே916 போன்ற தர எண், ஆறு இலக்க அடையாளக் குறி ஆகிய மூன்றும் இருக்க வேண்டும். ஹால்மார்க் 2021 ஜூன் 16 முதல் படிப்படியாகக் கட்டாயமானது. 2023 ஏப்ரல் 1 முதல் ஆறு இலக்கக் குறி இல்லாமல் கடைகள் விற்கக் கூடாது. இரண்டு கிராமுக்குக் குறைந்தவற்றுக்கும் குந்தன், போல்கி, ஜடாவ் நகைகளுக்கும் விலக்கு உண்டு. அந்த ஆறு இலக்கத்தை அமைவனத்தின் பிஐஎஸ் கேர் செயலியில் நீங்களே சரிபார்க்கலாம்.

ஆனால் முத்திரை சொல்வது உலோகத்தின் தரத்தை மட்டுமே. பொருத்து படிந்திருக்கிறதா, கூடு கல்லைச் சமமாகப் பிடித்திருக்கிறதா என்பதற்கு எந்த முத்திரையும் இல்லை. அதற்குப் பொறுப்பு ஆசாரியின் கையும் கண்ணும்தான். 1963-இல் தங்கக் கட்டுப்பாட்டு விதிகள் 14 காரட்டுக்கு மேல் நகை செய்யக் கூடாது என்றபோது நாடெங்கும் பொற்கொல்லர் குடும்பங்கள் பிழைப்பிழந்தன. அந்த அடியையும், பிறகு வந்த ஆலை நகைகளின் போட்டியையும் தாங்கி இன்றும் நம் சந்துகளில் பட்டறை வைத்திருப்பவர்கள் அவர்கள் வழிவந்தவர்கள். தங்கத்தின் விலையில் ஒரு ரூபாயும் பேரம் பேசாமல் கட்டிவிட்டு, அவர்களுடைய கூலியில் மட்டும் ஐம்பதைக் குறைக்கக் கேட்பது நியாயமில்லை. அடுத்த முறை உங்கள் மோதிரம் சரியாகி வந்தால், கேட்ட கூலியை முழுதாகக் கொடுங்கள்.